பி.ஜி.ஏ. உறுப்பினர் ஆனால் என்ன கிடைக்கும்?

கேள்வி: டெக்சஸ் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகன் பள்ளி கோல்ஃப் அணியில் ஆடுகிறான். கோல்ஃபிலேயே வேலை பார்க்கப்போகிறேன், பி.ஜி.ஏ. என்ற தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் சங்கத்தில் சேரப்போகிறேன் என்கிறான். அந்தச் சங்கம் அவனுக்கு என்ன செய்யும்? சந்தா வாங்கிக்கொண்டு ஒரு கார்டு கொடுப்பதோடு சரியா?

பதில்: முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டி.வி.யில் ஸ்காட்டி ஷெஃப்ளர் போன்ற முன்னணி வீரர்கள் ஆடுவது பி.ஜி.ஏ. டூர் என்ற போட்டித் தொடர். மகன் சொல்வது பெரும்பாலும் பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்காவாக இருக்கும். 1916-ல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம் அது. 2022 முதல் அதன் தலைமையகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. போட்டிப் பரிசுப் பணத்தில் பிழைப்பவர்கள் 1968-ல் தனி அணியாகப் பிரிந்தார்கள், அதுதான் இன்றைய டூர். சங்கத்தில் இருப்பவர்கள் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர்கள், கிளப்பில் கோல்ஃப் சாமான் விற்கும் ப்ரோ ஷாப் நடத்துபவர்கள், கிளப்பை நிர்வகிப்பவர்கள். மகனுக்கு டூர் கனவு என்றால் இந்தச் சங்கத்தால் பெரிய உதவி இல்லை. கிளப் வேலைதான் என்றால் மேலே படியுங்கள்.

இத்தகைய சங்கங்கள் பிறந்ததே பிழைப்பைக் காப்பாற்றத்தான். பிரிட்டனில் அப்போது சில கிளப்புகள் ப்ரோ ஷாப்பைத் தொழில்முறை ஆட்டக்காரர் கையிலிருந்து பறித்து வெளியாருக்குக் குத்தகை விடப் பார்த்தன. மட்டையும் பந்தும் விற்பதுதான் அந்த ஆட்டக்காரர்களுக்குச் சோறு. 1901-ல் ஜே.எச். டெய்லர் என்ற ஆட்டக்காரர் தலைமையில் ஒன்று சேர்ந்தார்கள். நலிந்தவருக்கு உதவி நிதி, வேலை தேடுபவருக்கு வேலை என்பதெல்லாம் அன்றைய நோக்கங்களிலேயே உண்டு.

அமெரிக்கச் சங்கத்திலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த வேலை விஷயம்தான். கிளப்புகளுக்கும் உறுப்பினர்களுக்கும் நடுவில் நின்று ஆலோசனை சொல்லவே தனி ஆட்கள் இருக்கிறார்கள். எந்தப் பதவிக்கு எங்கே என்ன சம்பளம் என்ற கணக்கெடுப்பும் உறுப்பினருக்குக் கிடைக்கும். முதல் வேலைக்குப் பேரம் பேசப்போகிற பையனுக்கு அந்தத் தகவல் தங்கம். நல்ல கிளப்புகளின் ஹெட் ப்ரோ (தலைமைத் தொழில்முறை ஆட்டக்காரர்) வேலை விளம்பரங்களில் பி.ஜி.ஏ. உறுப்பினர் வேண்டும் என்று கேட்பது சகஜம். பந்தடித்துப் பழகும் சாதாரண டிரைவிங் ரேஞ்சில் சொல்லிக்கொடுக்க யாரும் கார்டு கேட்கமாட்டார்கள்.

ஆனால் இது தொழிற்சங்கம் இல்லை. சம்பள உயர்வு கேட்டுக் கொடி பிடிக்காது. கிளப் வேலையை விட்டு நிறுத்தினால் வாசலில் வந்து நிற்காது. சங்கம் என்றாலே எல்லோருக்கும் அரண் என்றும் நினைக்க வேண்டாம். வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1934-ல் எழுதி வைத்து, 1961-ல்தான் நீக்கினார்கள். சார்லி சிஃபோர்டு போன்ற கறுப்பின ஆட்டக்காரர்களின் நல்ல வயது அதிலேயே போய்விட்டது.

ஆட்டத்துக்கும் கொஞ்சம் இடம் உண்டு. சங்கம் 41 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் உறுப்பினர்களுக்குப் போட்டிகள் நடக்கும். அங்கிருந்து ஜெயித்து ஜெயித்து மேலே வரும் 20 பேருக்கு, கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பிலேயே இடம். 2023-ல் கலிஃபோர்னியாவின் ஒரு பொது மைதானத்தில் ஹெட் ப்ரோவாக இருந்த மைக்கேல் பிளாக் அப்படி வந்தவர்தான். கடைசிச் சுற்றில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டு, 15-வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். பரிசு 2,88,000 டாலருக்கு மேல். இதை மகனிடம் சொல்லுங்கள், ஆனால் இதை நம்பிக் குடும்ப பட்ஜெட் போட வேண்டாம்.

சேரும் வழி இரண்டு. கோல்ஃப் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சங்கத்தின் படிப்பை முடிப்பது ஒன்று. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் நிர்வாகம் படிப்பது இன்னொன்று. டெக்சஸிலேயே சாம் ஹூஸ்டன் ஸ்டேட்டில் இருக்கிறது. அதில் நேரடிக் களப் பயிற்சியே ஒரு வருஷத்துக்கு மேல் வரும். பட்டமும் கையில் இருக்கும் என்பதால் என் ஓட்டு இதற்கே.

எந்த வழியானாலும் ஆட்டத் திறன் தேர்வு உண்டு. வழக்கமான முறையில் ஒரே நாளில் 36 குழி, அதாவது இரண்டு சுற்று. மைதானத்தின் ரேட்டிங்கை (தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஒரு சுற்றுக்கு எத்தனை அடி ஆகும் என்ற மதிப்பீடு) இரண்டால் பெருக்கி 15 கூட்டினால் வரும் எண்ணுக்குள் முடிக்க வேண்டும். ரேட்டிங் 72 என்றால் 159, அதாவது சுற்றுக்கு 79 அல்லது 80. கேட்க எளிதாக இருக்கும், நாள் முழுக்க டெக்சஸ் வெயிலில் ஆடிப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் விசா. மகன், வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4-ல் இருந்தால் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அப்போது முதல் வழி அடைபட்டுவிடும். மாணவர் விசாவில் பல்கலைக்கழக வழியே போனாலும், களப் பயிற்சிக்கு அனுமதி எப்படி வாங்கித் தருவார்கள் என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே கட்டணம் கட்டுங்கள். கிரீன் கார்டு கையில் இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. வருகிற கோடையில் பக்கத்துக் கிளப்பில் கோல்ஃப் வண்டி துடைக்கிற வேலைக்காவது அவனை அனுப்பிப் பாருங்கள்.