பழைய ரேஸ் காருக்குப் பழைய பெல்ட் போதுமா?

கேள்வி: நான் வட கரோலினாவில் இருக்கிறேன். நானும் நண்பரும் சேர்ந்து ஒரு 1952 ஹட்சன் ஹார்னெட் காரை அந்தக் காலத்து ஸ்டாக் கார் பந்தயங்களில் ஓடியது போலவே தயார் செய்து வருகிறோம். ராணுவ உபரிப் பொருள் கடையில் பழைய விமான இடுப்பு பெல்ட் ஒன்று கிடைத்தது. அன்றைய ஓட்டுநர்கள் இதைத்தானே கட்டிக்கொண்டு ஓட்டினார்கள்? பழைய கார்களுக்கான டிராக் நாளில் நாங்களும் இதையே கட்டலாமா?

பதில்: கண்காட்சியில் நிறுத்தும்போது சீட்டின் மேல் போட்டு வையுங்கள், அழகாக இருக்கும். ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

அன்று பலரும் இதைத்தான் கட்டினார்கள் என்பது உண்மை. 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில், அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் முதல் 'ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்' பந்தயம் நடந்தது. முக்கால் மைல் மண் தடம், கடையில் விற்கும் அதே கார்கள். அந்தப் பந்தயத்திலேயே லீ பெட்டி ஓட்டிய பியூக் உருண்டது. மண் தடத்தில் பள்ளம் விழுந்து கார் உருளுவதும், கதவு திறந்து ஆள் வெளியே விழுவதும்தான் அன்றைய பெரிய பயம். கதவைக் கயிறோ தோல் வாரோ போட்டு இறுக்கினார்கள், ஆளை இடுப்போடு கட்டினார்கள். ஆள் காருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த பெல்ட்டின் வேலை.

ஆனால் 1950ல் டார்லிங்டன், 1959ல் டேடோனா என்று வேகமான தடங்கள் வந்தபோது சுவரில் மோதுவது பெரிய ஆபத்தாகிவிட்டது. இடுப்பை மட்டும் கட்டினால் மேல் உடம்பு மடங்கி முன்னால் பாயும். உங்கள் ஹார்னெட்டின் ஸ்டீயரிங் ராடு இன்றைய கார்களில் இருப்பதுபோல மோதலில் சுருங்காது. நேராக நெஞ்சுக்கு வரும். 1954ல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், ராக்கெட் வண்டிச் சோதனையில் 46 ஜி வரை (அதாவது தன் எடையைப் போல 46 மடங்கு விசை) தாங்கி உயிரோடு இறங்கினார் என்றால், தோள், இடுப்பு எல்லாவற்றையும் இறுகக் கட்டியிருந்ததுதான் காரணம்.

இதைத் தெரிந்தும் பலர் தோள் பெல்ட் போடவில்லை. தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோமே என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாஸ்கார் ஓட்டுநர் ஃபயர்பால் ராபர்ட்ஸ் 1964ல் தீக்காயத்தால்தான் இறந்தார். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில், இரண்டு முறை சாம்பியனான ஜோ வெதர்லி ரிவர்சைட் தடத்தில் சுவரில் மோதினார். தோள் பெல்ட் இல்லை, ஜன்னலில் வலையும் இல்லை. தலை வெளியே போய்ச் சுவரில் அடிபட்டு இறந்தார். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 1970ல் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டு, அவர் கை வெளியே தொங்கியதை எல்லோரும் பார்த்த பிறகுதான் ஜன்னல் வலை கட்டாயமானது. நீங்களும் ஒன்று மாட்டிவிடுங்கள்.

இனி உங்கள் பெல்ட்டுக்கு வருவோம். வெயிலும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் நாடாவை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும், பார்வைக்குத் தெரியாது. 75 கிலோ ஆள் 30 ஜி மோதலில் 2,250 கிலோ எடையாக இழுப்பார். பல பத்தாண்டுகள் பழைய தையல் அதற்கு நிற்கும் என்று நம்ப முடியாது. பக்கிளை வைத்துக்கொண்டு புது நாடா தைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

எஸ்எஃப்ஐ 16.1 (அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தரம்) அல்லது எஃப்ஐஏ (சர்வதேச கார் பந்தயக் கூட்டமைப்பு) முத்திரை உள்ள, காரோடு ஆறு இடத்தில் இணையும் ஆறு முனை பெல்ட் வாங்குங்கள். எஸ்எஃப்ஐ முத்திரைக்கு இரண்டே ஆண்டுதான் ஆயுள். எஃப்ஐஏ பெல்ட்டில் காலாவதி ஆண்டே போட்டிருக்கும். நடுவில் ஒரே பூட்டு, ஒரு திருப்பில் எல்லாம் கழன்றுவிடும். தீ பயத்துக்கு இதுதான் பதில். கண்ணை மூடிக்கொண்டு கழற்றி இறங்கிப் பழகுங்கள்.

மாட்டும் இடம்தான் பலர் தவறுவது. தோள் பெல்ட் பின்னால் ஏறக்குறைய கிடையாகப் போக வேண்டும். தரையில் போல்ட் போட்டுக் கீழே இழுத்தால், மோதலில் அது முதுகெலும்பையே அழுத்தும். இடுப்பு பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் கீழாக உட்கார வேண்டும். கால்களுக்கு நடுவே வரும் வார் அதைப் பிடித்து வைக்கத்தான். முதலில் இடுப்பு, அப்புறம் தோள் என்று இறுக்குங்கள். வெறும் தகரத்தில் போல்ட் போடாதீர்கள், பிய்த்துக்கொண்டு வரும். அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமன், 40 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள இரும்புத் தகடு வையுங்கள்.

ஒன்று உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம்: அந்த நீளமான பெஞ்ச் சீட்டோடு இதெல்லாம் சேராது. நிலையான ரேஸ் சீட்டும், கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜும் வேண்டும். தோளைக் கட்டி நிமிர்த்தி வைத்த பிறகு கூரை நசுங்கினால், குனியவும் வழியிருக்காது. பழைய சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக் கண்காட்சிக்கு மாட்டிக்கொள்ளலாம். எந்த நிகழ்ச்சியில் ஓட்டப் போகிறீர்களோ, அதன் விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு அப்புறம் துளை போடுங்கள்.