அட்டை மனிதர்களின் நடுவே ஒரு கொலைகாரர்

அன்புள்ள சார்,

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் இந்த விடுமுறையில் துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டியைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம்தான். அவளோடு பேசலாமே என்று, கல்லூரி நாட்களில் படித்த நாலைந்தை நானும் மறுபடி எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏமாற்றமாக இருந்தது. ஓய்வுபெற்ற கர்னல், வாயாடி வேலைக்காரி, பணக்காரக் கிழவர், அவர் சொத்துக்குக் காத்திருக்கும் உறவினர் என்று எல்லாருமே அட்டையில் வெட்டி நிறுத்தியவர்கள். மொழியும் சப்பென்று இருக்கிறது. விடை தெரிந்த விடுகதையில் அப்புறம் என்ன மிச்சம்? 1976இல் இறந்தவரை இன்னும் ஏன் உலகமே படிக்கிறது? அவளுக்கு அடுத்து எதைக் கொடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

கோபமெல்லாம் இல்லை. இது ரொம்பப் பழைய புகார். 1944இலேயே, தானும் துப்பறியும் கதைகள் எழுதிய ரேமண்ட் சாண்ட்லர், கிறிஸ்டியின் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் கொலைக் கதையின் விடையை அரைப் பைத்தியம்தான் ஊகிக்க முடியும் என்று கிண்டலடித்தார். அடுத்த வருஷம் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், (கிறிஸ்டியின் நாவலில் கொலையாகும்) ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்று தலைப்பே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மொழியைப் பற்றி நீங்கள் சொல்வதை நானும் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன், அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்கிற வாக்கியங்கள் அவரிடம் அதிகம் கிடையாது. கடைசிக் காலத்துப் புத்தகங்கள் நிஜமாகவே மோசம். 1973இல் வந்த 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்'டை இரண்டு தடவை தொடங்கிப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

ஆனால் அட்டை மனிதர்கள் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அந்த அட்டையை வெட்டுவது அவர் இல்லை, நாம். கர்னல் என்றதும் மீசையும் உரத்த குரலும், வேலைக்காரி என்றதும் கொஞ்சம் மந்தம் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம் இல்லையா, அந்தச் சோம்பலுக்குப் பின்னால்தான் அவர் கொலைகாரரை ஒளித்து வைக்கிறார். ஒரு கதையில் (பெயர் சொல்ல மாட்டேன், உங்கள் மகள் இதைப் படிக்கலாம்) பறக்கும் விமானத்தில், அத்தனை பயணிகள் நடுவில் கொலை நடக்கிறது. செய்தவர் மறைந்தெல்லாம் வரவில்லை. பணியாளர் மாதிரி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு ஸ்பூனோடு எல்லார் கண் முன்னாலும் நடந்து போய்விட்டு வருகிறார். விசாரணையில் ஒருவருக்கும் நினைவில்லை. பரிமாறுகிறவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நீங்களும் நானும் ஓட்டலில் பார்க்கிறோமா?

துப்பறிகிறவர்களும் அப்படித்தான். போய்ரோ, முதல் உலகப்போரில் இங்கிலாந்துக்கு அகதியாக வந்த பெல்ஜியர். கோமாளி வெளிநாட்டான் என்று மற்றவர்கள் நினைப்பது அவருக்கு வசதி, எதிரே உட்கார்ந்து தைரியமாகப் பொய் சொல்கிறார்கள். மிஸ் மார்ப்பிள் ஒரு மூலையில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பார், கிழவிதானே என்று அவர் காதுபடவே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்.

விடை தெரிந்தபின் என்ன மிச்சம் என்கிறீர்கள். 1926இல் வந்த அந்த அக்ராய்ட் நாவலையே எடுத்துக்கொள்வோம் (படிக்காதவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்). கதை சொல்பவர் ஊர் டாக்டர், கொலைகாரரும் அவர்தான். கடிதம் வந்தது ஒன்பதுக்கு இருபது நிமிஷம் முன்னால், அக்ராய்டின் அறையிலிருந்து தான் கிளம்பியது ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னால், கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்து, செய்ய வேண்டியதில் எதையாவது விட்டுவிட்டோமா என்று யோசித்தேன் என்று எழுதுகிறார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை! நடுவே அந்தப் பத்து நிமிஷம் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை, டாக்டராயிற்றே. இரண்டாம் தடவை படிக்கும்போது அதே வாக்கியம் வேறு அர்த்தத்தில் வந்து நிற்கும். மொழியில் கொஞ்சம் அலங்காரம் இருந்திருந்தால் அந்த இடத்தில் நின்று கவனித்திருப்போம். நீங்கள் சப்பென்று சொல்லும் மொழி அவருக்கு அதற்குத்தான் வேண்டியிருக்கிறது.

இந்தக் கை எங்கே பழகியது என்று கேட்டால் மருந்துக் கூடத்தில் என்பேன். முதல் உலகப்போரின்போது சொந்த ஊரான டார்க்கீயில், மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர் அவர். 1920இல் வந்த முதல் நாவலிலேயே அது தெரிகிறது. ஸ்ட்ரிக்னின் என்ற விஷம் துளியளவு சேர்ந்த டானிக்கில் புரோமைடு தூளைப் போட்டுவிட்டால் விஷம் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் படியும், கடைசி வேளை மருந்தில் மொத்தமும் வந்து சேரும். வெளியிலிருந்து யாரும் விஷம் கொண்டுவர வேண்டாம், பாட்டிலிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் கம்பவுண்டர், வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டி மிக்சர் பாட்டிலில் ஒட்டிக் கொடுத்து, குலுக்கிக் குடி, குலுக்கிக் குடி என்று இரண்டு தடவை சொல்வார். ஏன் அப்படி வற்புறுத்தினார் என்று எனக்கு விளங்கியது அந்த நாவலைப் படித்தபோதுதான்.

அவர் விஷங்கள் சும்மா கதைக்காகச் சொன்னவை இல்லை. 1977இல் லண்டனில் ஒரு மருத்துவமனைக்குக் கத்தாரிலிருந்து ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள், என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் அப்போது படித்துக்கொண்டிருந்தது 1961இல் வந்த கிறிஸ்டியின் 'த பேல் ஹார்ஸ்', தாலியம் என்ற விஷத்தால் முடி கொட்டிச் சாகிறவர்களின் கதை. குழந்தைக்கு முடி கொட்டத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, இது தாலியமாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறார். சோதித்தால், அதுவேதான். வீட்டில் கரப்பானுக்கும் எலிக்கும் வைத்த மருந்திலிருந்து வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

தாக்கம் என்று பார்த்தால் பட்டியல் நீளும். 1939இல் 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலில் அவர் பத்துப் பேரைத் தனித்தீவில் அடைத்து ஒவ்வொருவராகச் சாகடித்தார், ஆளில்லாத இடம் கிடைத்தவர்கள் எல்லாம் இன்றுவரை அதையே செய்துகொண்டிருக்கிறார்கள். ஜப்பானில் யுகிட்டோ அயட்சுஜி 1987இல் அதே மாதிரி ஒரு தீவுக்குத்தான் தன் நாவலில் ஒரு கல்லூரிக் கூட்டத்தை அனுப்பினார், அங்கே புதிர்க்கதைகளுக்கு மறுபடி காலம் பிறந்தது. நம் வீணை எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' படத்துக்கும் மூலம் கிறிஸ்டியின் அந்தத் தீவுக் கதைதான். அந்த நாவலின் முதல் ஆங்கிலத் தலைப்பு கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். யூதர்களைப் பற்றி அவர் எழுதியவையும் சில இடங்களில் கூசவைக்கும். நம் முன்முடிவுகளை அவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்தத் தெரிந்தவருக்குத் தன் முன்முடிவுகள் தெரியவில்லை. உங்கள் மகளோடு பேச இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

சரி, அடுத்து எது? 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' கொடுங்கள், 1950இல் வந்தது. இன்று மாலை இந்த வீட்டில் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது, ஊரே ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து சேர்கிறது. போர் முடிந்து ரேஷன் இருந்த காலம், வெண்ணெயைக்கூடத் திருட்டுத்தனமாகக் கைமாற்றிக்கொள்கிறார்கள். முன்னெல்லாம் கிராமத்துக்கு ஒருவர் குடிவந்தால் அவர் யார் என்று தெரிந்த ஒருவராவது இருப்பார், இப்போது யாராவது வந்து நான் இன்னார் என்றால் அதை அப்படியே நம்ப வேண்டியதுதான் என்று மிஸ் மார்ப்பிள் சொல்லும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் நிறுத்தி, உனக்கு யார் மேல் சந்தேகம் என்று மகளிடம் கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.