தவளைத் தோலில் மருந்து இருக்கிறதா?

"பீலிக்கரைத் தவளை எந்நேரமும் அழுக்குத் தண்ணியிலதான் கிடக்குது, அதுக்கு மட்டும் புண் ஏன் சீழ் பிடிக்கிறதில்ல சேர்?" (ஏ/எல் மாணவி, தலவாக்கலை)

மைக்கேல் சாஸ்லொஃப் என்ற ஆராய்ச்சியாளருக்கும் இதே சந்தேகம்தான் வந்தது மகள். ஆபிரிக்க நகத்தவளைகளை அறுத்துத் தைத்து, கிருமி நீக்காத தொட்டித் தண்ணீரிலேயே விட்டும் காயம் சுத்தமாக ஆறியது, ஏன் என்று தோலில் தேடியவர் 1987இல் மெகைனினைக் கண்டுபிடித்தார். 23 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி அது. நேரேற்றம் உள்ளது, பக்டீரியாவின் மென்சவ்வில் எதிரேற்றம் அதிகம், அதனால் போய் ஒட்டி அங்கேயே ஓட்டை போட்டுவிடும். நம் கலமென்சவ்வின் வெளிப்பக்கத்தில் அந்த ஏற்றம் குறைவு, அதனால் அவ்வளவாகத் தாக்காது.

"அப்படியானால் ஏன் பார்மசியில் இல்லை?" (ஹட்டன்)

கிட்டத்தட்ட வந்தது. மெகைனினை மாற்றியமைத்த பெக்சிகனனை, சீனி வருத்தக்காரரின் கால்புண்ணுக்குப் பூசும் மருந்தாகச் சோதித்தார்கள். இருக்கிற மருந்தைவிட மேலானது என்று காட்டவில்லை என 1999இல் அமெரிக்காவில் அனுமதி மறுத்துவிட்டார்கள். எனக்கு இது இன்னும் மனக்குறைதான். அன்ரிபயோட்டிக்குகள் ஒவ்வொன்றாகத் தோற்கும்போது, வேறு வழியில் கொல்லும் மருந்து சமமாக இருந்தாலே போதும் என்பேன். இன்னொரு சிக்கல், இப்படியான அமினோ அமிலச் சங்கிலியை (பெப்டைடை) விழுங்கினால் சோறு மாதிரிச் செரித்துவிடும், இரத்தத்திலும் நொதியங்கள் வெட்டிவிடும், செய்யவும் செலவு கூட.

"தேரையைப் புண்ணில் தேய்த்தால் ஆறுமா?" (பண்டாரவளை)

வேண்டவே வேண்டாம். தேரையின் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. புண்ணைக் கழுவிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

"நம்ம மலைத் தவளைகளைப் பிடித்து ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா?" (நுவரெலியா)

பிடிக்காதீர்கள், அதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆராய்பவர்களும் கொல்லத் தேவையில்லை, மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால் தோல் தானாகச் சுரக்கும், கழுவி எடுத்துவிட்டுத் தவளையைத் திரும்ப விட்டுவிடலாம். கடலுக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தவளையொன்றின் தோலில் எடுத்த உருமின் என்ற பெப்டைட் சில இன்புளுவென்சாக் காய்ச்சல் வைரசுகளை அழிப்பதாக 2017இல் காட்டினார்கள். நம்மிடம் 100க்கும் மேற்பட்ட தவளை இனங்கள், பெரும்பாலானவை வேறு எந்த நாட்டிலும் இல்லை, ஆனால் 15க்கும் மேற்பட்டவை ஏற்கெனவே அழிந்துபோயின, அவற்றின் தோலில் என்ன சுரந்தது என்று இனி யார் பார்ப்பது? புதர்த்தவளைகள் பல ஈரமண்ணில்தான் முட்டையிடும், வாற்பேய்ப் பருவமே இல்லாமல் குஞ்சு நேராகத் தவளையாகவே வெளிவரும். அதனால் ஓடையோரப் பற்றையை வெட்டாமல் விடச் சொல்லுங்கள், அப்புறம் மருந்தடிக்கிற டாங்கியை ஓடையில் கழுவ யாரையும் விடாதீர்கள்.