எட்டு லட்சம் கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்

பெரம்பூர் அம்மாவுக்கு, உங்கள் பயம் புரிகிறது. மகள் சிவில் டிப்ளமோ கடைசி வருடம், முடித்ததும் நேரடி இரண்டாம் ஆண்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க வேண்டும், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு எட்டு லட்சம் கடன் வாங்கலாம் என்று அவளுடைய பெரியப்பா சொல்கிறார், அவளோ ராத்திரியெல்லாம் ஆட்டோகேடில் (கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் மென்பொருள்) ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்கிறீர்கள். என் பதில்: அந்தக் கடன் வேண்டாம். 11 சதவீத வட்டி என்று வைத்தாலே மாதம் ஏழாயிரத்துக்கு மேல் வட்டி மட்டும் போகும், அசல் அப்படியே நிற்கும். பிள்ளைக்கு ஆசை இல்லாத படிப்புக்கு இவ்வளவு பெரிய சுமையை உங்கள் குடும்பம் ஏன் தூக்க வேண்டும்? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது "பி.இ. கம்ப்யூட்டர்" என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதற்காகவா?

அவள் ராத்திரியில் எழுதுவது ஆட்டோலிஸ்ப், ஆட்டோகேட் வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் புரோகிராமிங் மொழி. ஆட்டோகேட் 1982-இல் வந்தது, அதற்குள்ளேயே எழுதும் இந்த மொழி 1986-இலேயே சேர்ந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் டிராயிங் ஆபீஸ்களில் இது ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் டிப்ளமோ பிள்ளைகளில் இதைத் தொடுகிறவர்கள் குறைவு.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு சர்வே டிராயிங்கில் நூற்றுக்கணக்கான கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீளத்தை எழுத வேண்டும், எழுத்து கோட்டின் சாய்வுக்கு ஏற்பச் சாய வேண்டும். கையால் செய்தால் ஒரு நாள் வேலை. அவளுடைய ஸ்கிரிப்ட், அதாவது அவள் எழுதிய சின்ன புரோகிராம், கோட்டின் இரண்டு முனைகளையும் எடுக்கிறது, சாய்வைக் கணக்கிடுகிறது, நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாகக் கொஞ்சம் தள்ளி எழுத்தை வைக்கிறது, சாய்வு 90 டிகிரியைத் தாண்டி 270-க்குள் இருந்தால் எழுத்து தலைகீழாகாமல் இருக்க 180 டிகிரி திருப்பிவிடுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை யோசித்தது யாரும் சொல்லிக்கொடுத்து வந்தது இல்லை, படத்தைப் படிக்கப்போகிறவர் யார் என்று நினைத்ததால் வந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். எழுத்து எந்த இடத்தில் நிற்கும் என்பதற்கு ஆட்டோகேட் இரண்டு புள்ளிகள் வைத்திருக்கிறது, குறியீடு 10, குறியீடு 11. சாதாரண இடது ஒழுங்கில் 10-ஐ மாற்றினால் எழுத்து நகரும். நடுவில் ஒழுங்குபடுத்திய எழுத்தில் 10-ஐ எத்தனை முறை மாற்றினாலும் நகராது, 11-ஐத்தான் மாற்ற வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் இதில் மணிக்கணக்காக மாட்டிக்கொள்வார்கள். அவள் எழுத்தின் ஒழுங்கைச் சொல்லும் குறியீடுகளான 72, 73 இரண்டும் பூஜ்யமா (அப்படியானால் சாதாரண இடது ஒழுங்கு) என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் புள்ளியையே தொடுகிறாள். இப்படி யோசிக்கிற பெண்ணுக்குப் புரோகிராமிங் வராது என்று யார் சொன்னது, அவளுக்கு வருகிறது, அவள் விரும்பும் இடத்தில் வருகிறது.

சரி, ஒன்றை மறைக்கக் கூடாது. ஆட்டோலிஸ்ப் மட்டும் தெரிந்தால் யாரும் வேலை தர மாட்டார்கள். டிராயிங் படிக்கத் தெரிந்து, கம்பி விவரம், லெவல், ஸ்கேல் புரிந்து, அதற்கு மேல் இது தெரிந்தால்தான் மதிப்பு. கிண்டி, அம்பத்தூர் பக்கம் உள்ள ஸ்ட்ரக்சுரல், பைப்பிங் டிராயிங் ஆபீஸ்களில் டிராஃப்ட்ஸ்மேனாக நுழையட்டும், தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. பிறகு கட்டடங்களை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் ரெவிட் மென்பொருளுக்குப் போனால், அங்கேயும் வேலையைத் தானாக நடத்த டைனமோ என்ற கருவியும் பைத்தான் மொழியும் இருக்கின்றன, இப்போது பழகும் சிந்தனை அங்கேயும் ஓடும்.

காசு விஷயத்தில் கறாராகவே இருங்கள். மாணவர்களுக்கு ஆட்டோகேட் கல்வி உரிமம் இலவசம், ஒரு வருடத்துக்கு, தகுதி இருந்தால் புதுப்பிக்கலாம், சம்பாதிக்கும் வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே கிராக் வெர்ஷனும் வேண்டாம், "மாஸ்டர் கேட் பேக்கேஜ்" என்று ஐம்பதாயிரம் கேட்கிற சென்டரும் வேண்டாம்.

பெரியப்பாவிடம் நீங்கள் மட்டும் பேசாதீர்கள், அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த மாதத்துக்குள் அவள் எழுதிய ஸ்கிரிப்ட்களில் நல்ல மூன்றை எடுத்து, ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் உள்ள டிராயிங்குகளோடு ஒரு பிடிஎஃப் ஆக்கட்டும், பயோடேட்டாவோடு அதையும் அனுப்பட்டும். வேலையில் இருந்தபடி இரண்டு வருடம் கழித்து பி.இ. வேண்டும் என்று அவளே கேட்டால், சிவிலிலேயே அரசு கவுன்சலிங் மூலம் முயற்சி செய்யலாம், அதற்கு என்னிடம் மறுபடி வாருங்கள்.