கேம் சர்வர் படுத்துவிட்டால் கடைக்காரர் என்ன செய்வது?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் சிறிய கேமிங் சென்டர் நடத்துகிறேன். நான்கு பிளேஸ்டேஷன், ஆறு கம்ப்யூட்டர் இருக்கின்றன. போன சனிக்கிழமை மாலை, கடை நிறையப் பசங்க உட்கார்ந்திருந்த நேரத்தில், எந்தக் கன்சோலிலும் சைன்-இன் ஆகவில்லை. கேபிள்காரருக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். "லைன் நல்லாத்தான் இருக்கு" என்றார். "ரெண்டு ஹேக்கர் குரூப்புக்குள்ள சண்டை, அதான் சர்வர் அவுட்" என்றான் ஒரு பையன். "500 ரூபாய் கொடுத்தா நாமளும் ஒருத்தன் லைனை அடிச்சுத் தூக்கலாம்" என்கிறான் இன்னொருவன். இதெல்லாம் உண்மையா? கடையின் பாஸ்வேர்டு, கார்டு விவரம் போயிருக்குமா? அடுத்த முறை நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கேபிள்காரரிடமிருந்தே தொடங்குகிறேன். அநேகமாக அவர் மேல் தப்பு இல்லை. அதை அவரைக் கேட்காமலேயே நீங்கள் கண்டுபிடித்திருக்கலாம்.

முதலில் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது. சாலை தோண்டியிருப்பார்கள், அல்லது கம்பத்தில் ஏதாவது ஆகியிருக்கும். அப்போது கேபிள்காரரைக் கூப்பிடுவது சரி. சிவப்பு இல்லையென்றால் பிளேஸ்டேஷனின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இணைய இணைப்பைச் சோதிக்கும் வசதியை ஓடவிடுங்கள். ஐ.பி. முகவரி கிடைத்ததா, இணையம் வருகிறதா, பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடிகிறதா என்று வரிசையாகக் காட்டும். முதல் இரண்டும் சரி, கடைசி மட்டும் தோல்வி என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் கடைக்கு வெளியே இருக்கிறது.

அதை உறுதி செய்ய உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து ஒரு கன்சோலை மட்டும் அதில் இணையுங்கள். (தானியங்கி அப்டேட்டை முதலில் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கேம் உங்கள் அன்றைய டேட்டா முழுவதையும் குடித்துவிடும்.) ஹாட்ஸ்பாட்டிலும் சைன்-இன் ஆகவில்லையென்றால் சர்வர் பக்கம்தான் பிரச்சினை, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஹாட்ஸ்பாட்டில் வருகிறது, பிராட்பேண்டில் மட்டும் வரவில்லை என்றால் கன்சோலின் டி.என்.எஸ். (இணையப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சேவை) எண்ணை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையா, அப்போது போன் போட்டு "ஹாட்ஸ்பாட்டில் வருது, உங்க லைன்ல வரல" என்று சொல்லுங்கள். வெறுமனே "நெட் வரல" என்பதைவிட இந்த ஒரு வரி அவருக்கும் வேலையைச் சுலபமாக்கும்.

சரி, ஹேக்கர் சண்டை விஷயம். சர்வர் படுத்தாலே பசங்களுக்கு ஹேக்கர் ஞாபகம்தான் முதலில் வருகிறது. எல்லா முறையும் அப்படி இல்லை. 2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரு நாள் நின்றுபோனது. இயக்கத்தில் ஏற்பட்ட சிக்கல்தான் காரணம் என்று சோனி சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று அமெரிக்காவில் அமேசானின் கிளவுட் கோளாறானதால் ஃபோர்ட்நைட், ரோப்ளாக்ஸ் எல்லாம் விழுந்தன. அது டி.என்.எஸ். தொடர்பான உட்கோளாறு, எந்த ஹேக்கரும் அதில் இல்லை. உங்கள் சனிக்கிழமையும் அப்படிப்பட்ட ஒன்றாக இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தப் பையன் சொன்னது வெறும் கற்பனையும் அல்ல. 2014 கிறிஸ்துமஸ் அன்று, புதுக் கன்சோல் பரிசாக வாங்கியவர்கள் எல்லாம் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்த நேரத்தில், பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கும் எக்ஸ்பாக்ஸ் லைவும் ஒன்றாக முடங்கின. லிசார்ட் ஸ்குவாட் என்ற கோஷ்டி தன் வேலைதான் என்று பெருமையடித்துக்கொண்டது. மெகா என்ற கோப்புச் சேமிப்புச் சேவையை நிறுவிய கிம் டாட்காம் தன் சேவைக்கான 3,000 வவுச்சர் கொடுத்து அவர்களைச் சமாதானப்படுத்திய கூத்தும் நடந்தது. அவர்களைக் காட்டிக்கொடுப்பதே எங்கள் வேலை என்று ஃபைனஸ்ட் ஸ்குவாட் என்ற இன்னொரு கோஷ்டி கிளம்பியது. ஒருவர் பெயரையும் முகவரியையும் மற்றவர் வெளியிடுவதும், ஒருவர் கணக்கை மற்றவர் கைப்பற்றுவதுமாக இருந்தார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று லிசார்ட் ஸ்குவாட் செய்தது திருட்டு அல்ல, நெரிசல். காட்பாடி ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில், எந்த ஊருக்கும் போகப்போகாத பத்தாயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால் நிஜமாகவே சென்னைக்குப் போக வேண்டியவர் கவுண்டரை நெருங்கவே முடியாது. அதுதான் டி.டி.ஓ.எஸ். தாக்குதல். பணப்பெட்டியில் யாரும் கைவைக்கவில்லை, வியாபாரம்தான் நடக்கவில்லை.

அந்தப் பத்தாயிரம் பேர் எங்கிருந்து வருகிறார்கள்? இதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் உங்கள் கடையும் இருக்கலாம். லிசார்ட் ஸ்குவாட் அதன் பிறகு வாடகைக்கு விட்ட தாக்குதல் சேவை, வீடுகளில் இருக்கும் சாதாரண ரவுட்டர்களை வைத்தே ஓடியது. தயாரிப்பாளர் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட ரவுட்டர்கள் அவை. 2016-ல் வந்த மிராய் என்ற தீய நிரல் இன்னும் மோசம். சி.சி.டி.வி. கேமரா, அதன் படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி, ரவுட்டர் என்று அகப்பட்டதிலெல்லாம் 62 பழைய பயனர் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்த்து நுழையும். அதை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் மைன்கிராஃப்ட் சர்வர் தொழிலைச் சுற்றி வந்தவர்கள். தாக்குதலிலிருந்து காப்பாற்றும் சேவையையும் அவர்களில் ஒருவரே விற்றுக்கொண்டிருந்தார். அதன் நிரல் வெளியே போனதும் ஆளாளுக்கு நகலெடுத்தார்கள். 2016 அக்டோபர் 21 அன்று பல பெரிய தளங்களுக்கு டி.என்.எஸ். சேவை தந்த டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. சம்பந்தப்பட்டவர்களில் ஒருவர் 2020 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, குறி வைத்தது பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கை என்று தெரிந்தது. ஒரு கேம் சர்வரை விழவைக்கப் போய் பாதி இணையம் விழுந்திருக்கிறது.

மிராயிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு பெட்டிக்குள் புகுந்ததும், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் போட்டிக் கோஷ்டியின் நிரலைத் தேடிக் கொல்லும். பிறகு தான் வந்த வழியை உள்ளேயிருந்து அடைத்துவிடும், வேறு யாரும் வரக்கூடாது என்று. 1751-ல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் எதிர்ப்பே இல்லாமல் நுழைந்து, பிறகு 50 நாள் வாசலை அடைத்துக்கொண்டு சந்தா சாகிப் தரப்புப் படையைத் தடுத்தாரே, அதே கதைதான். நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி, பின்னால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஆனால் சண்டை நடந்தது நம் மண்ணில். இந்த ஹேக்கர் கோஷ்டிகளும் எங்கோ தொலைவில் மோதிக்கொள்வதாக நாம் நினைக்கிறோம். அவர்களின் கோட்டை உங்கள் கல்லாவுக்கு மேலே தொங்கும் டி.வி.ஆர். பெட்டியாக இருக்கலாம்.

சில வருஷத்துக்கு முன் ஆற்காட்டில் ஒரு துணிக்கடையில் நெட் மெதுவாக இருக்கிறதென்று பார்க்கப் போனேன். இரவு ஒன்பதரைக்குக் கடை மூடி, எல்லா கம்ப்யூட்டரையும் அணைத்த பிறகும் ரவுட்டரில் அப்லோடு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்தேன். டி.வி.ஆர். கேபிளைப் பிடுங்கியதும் நின்றது. அணைத்துப் போட்டால் சுத்தமாகிவிடும், காரணம் இந்த வகை நிரல் தற்காலிக நினைவகத்தில்தான் வாழும். ஆனால் நான் எதிரில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி தொற்றிவிட்டது. பாஸ்வேர்டு இன்னும் "அட்மின்" என்றே இருந்தது. பொருத்தியவர் வைத்ததை யாரும் மாற்றவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதே சோதனைதான். கடை மூடிய பிறகு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து அப்லோடு எவ்வளவு என்று பாருங்கள். டி.வி.ஆரை நெட்டிலிருந்து பிரித்து, அணைத்து, மீண்டும் ஆன் செய்து, பாஸ்வேர்டை மாற்றிய பிறகே மறுபடி கேபிளைச் செருகுங்கள். வரிசை முக்கியம். ரவுட்டரில் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும், தானாகவே வாசல் திறந்துவிடும் யு.பி.என்.பி. வசதியையும் நிறுத்துங்கள். யு.பி.என்.பி. நிறுத்தினால் சில கேம்களில் வாய்ஸ் சாட் தகராறு செய்யலாம். கடையில் டி.வி.ஆரும் அதே ரவுட்டரில் இருக்கும்வரை நான் நிறுத்தத்தான் சொல்வேன். கம்ப்யூட்டர்களுக்கு மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா இலவசமாகச் சுத்தம் செய்யும் மென்பொருள் தருகிறது.

அந்த 500 ரூபாய்ப் பையனுக்கு வருவோம். அவனைக் கடையை விட்டுத் துரத்த வேண்டாம், ஆனால் உட்காரவைத்துப் பேசுங்கள். அவன் சொல்கிற சேவை உண்மையில் உண்டு. அடிக்க வேண்டிய ஐ.பி. முகவரியைக் கொடுத்தால் சில நிமிஷம் நெரிசல் ஏற்படுத்துவார்கள். ஆனால் நம் பகுதியில் பெரும்பாலான இணைப்புகளில் ஒரே பொது ஐ.பி.யை நிறைய வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எதிராளி ஒருவனை அடிப்பதாக நினைத்து அடித்தால் அந்தத் தெருவுக்கே நெட் போகும். ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளை, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், எல்லாருக்கும் சேர்த்துத்தான் அடி.

இந்தக் கோஷ்டிகள் ஒருவர் மேல் ஒருவர் பாயும்போது முதலில் வெளியே வருவது வாடிக்கையாளர் பட்டியல் என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். லிசார்ட் ஸ்குவாட்டின் வாடகைச் சேவை 2015 ஜனவரியில் ஹேக் செய்யப்பட்டு, 14,000-க்கும் மேற்பட்டவர்களின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மறைப்பே இல்லாமல் வெளியாயின. அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் போலீஸ் அதைப் பயன்படுத்திய ஆறு பேரைப் பிடித்தது. எல்லாரும் 15 முதல் 18 வயதுக்குள். பதிவு மட்டும் செய்து இன்னும் யாரையும் அடிக்காதவர்களின் வீட்டுக் கதவைக்கூடத் தட்டினார்கள், சுமார் 50 வீடுகள். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி இதற்கு மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதுவும் உங்கள் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அவன் செய்தால், விசாரணை முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கும் இடம் சைபர் கஃபே கணக்கில் வரும். 2011 விதிகளின்படி அடையாள அட்டை பார்த்து, யார் எப்போது எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார் என்று பதிவேடு எழுதி, குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். பள்ளி அடையாள அட்டையும் செல்லும். இதுவரை எழுதவில்லையென்றால் இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். பிறகு யாராவது உங்கள் லைனையே அடித்தால், நேரத்தைக் குறித்துக்கொண்டு வேலூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

பாஸ்வேர்டு, கார்டு பற்றிக் கேட்டீர்கள். நெரிசல் தாக்குதலோ கிளவுட் கோளாறோ நடந்தால் அவை போவதில்லை. உள்ளே புகுந்து எடுப்பது வேறு வகை. 2011 ஏப்ரலில் சோனிக்கு அதுதான் நடந்தது. 7.7 கோடி கணக்குகளின் விவரம் திருடப்பட்டது, நிறுவனமே நெட்வொர்க்கை மூடி மூன்று வாரத்துக்கு மேல் சரிசெய்தது. வெளியே இருக்கும் நமக்கு இரண்டுக்கும் வித்தியாசம் முதல் நாளில் தெரியாது. அதனால் முன்கூட்டியே இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள், மெயிலுக்கும் கேம் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம், கார்டைச் சேமித்து வைக்காமல் வாலட்டில் தேவையான பணம் மட்டும் ஏற்றுங்கள். சர்வர் படுத்த அடுத்த நாள் "நஷ்டஈடு வாங்க இங்கே அழுத்துங்கள்" என்று மெசேஜ் வந்தால் தொடவே தொடாதீர்கள். 2025-ல் சோனி, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கு ஐந்து நாள் கூடுதலாகக் கொடுத்தபோது அது தானாகவே கணக்கில் சேர்ந்தது, யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

அடுத்த சனிக்கிழமை கடை ஓட வேண்டுமே, அதற்கு ஒரு ஏற்பாடு. டிஸ்க்கில் ஓடும் கேம்கள் பெரும்பாலும் நெட் இல்லாமலும் திறக்கும். டவுன்லோடு செய்த கேம்களில்தான் சிக்கல். பி.எஸ்.4-ல் ஒரு கணக்குக்கு ஒரு முதன்மைக் கன்சோல்தான், மற்றவை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் அனுமதி கேட்கும். ஒரே கணக்கில் வாங்கி நான்கிலும் போட்டிருந்தால் சர்வர் படுக்கும்போது மூன்று கன்சோல் பூட்டிக்கொள்ளும். கன்சோலுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் முதன்மையாக்குங்கள். பி.எஸ்.5-ல் இதே வசதி கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே என்ற பெயரில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஸ்டீமுக்கு ஆஃப்லைன் மோடு உண்டு. வாலரன்ட் போன்றவை சர்வர் இல்லாமல் ஓடவே ஓடாது, அந்த இருக்கையில் இருப்பவருக்கு மீதி நேரத்தை நோட்டில் வரவு வைத்துவிடுங்கள்.

கூட்டம் இல்லாத ஒரு வியாழக்கிழமை மதியம் ரவுட்டரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கன்சோலிலும் எந்தெந்த கேம் திறக்கிறது என்று பாருங்கள். திறப்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி கவுண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.