மூக்கைத் தூக்கினால் மட்டும் விமானம் ஏறிவிடாது

அன்புள்ள ஐயா,

திருவனந்தபுரத்திலிருந்து சென்று, 2016 ஆகஸ்ட் 3 அன்று துபாயில் ஓடுபாதையில் மோதி எரிந்த எமிரேட்ஸ் விமானத்தின் இரண்டு என்ஜின்களிலும் பழுதில்லை என்று படித்தேன். அப்படியானால், தரையிறங்குவதைக் கைவிட்டு எழும்பிய அந்த போயிங் 777 ஏன் மேலேறவில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

மூக்கைத் தூக்கும்போது, விமானம் தன்னிடம் உள்ள வேகத்தைச் செலவிட்டுச் சற்று உயரம் பெறுகிறது. அந்த உயரம் நிலைக்க, காற்றின் இழுவையை மிஞ்சும் உந்துவிசை வேண்டும். சக்கரங்களும், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புகளான ஃபிளாப்புகளும் விரிந்திருக்கும் தரையிறங்கு நிலையில் இழுவை மிக அதிகம். அந்த நிலையிலும், எல்லா என்ஜின்களும் இயங்கும்போது, 100 மீட்டர் முன்செல்வதற்குள் 3.2 மீட்டர் ஏறும் திறன் இருக்க வேண்டும் என்பது பெரிய பயணிகள் விமானங்களுக்கான சான்றிதழ் விதி. ஆனால் உந்துவிசையைக் கூட்டும் நெம்புகோலான த்ராட்டிலை முன்தள்ளி 8 விநாடிகள் கழித்துக் கிடைக்கும் உந்துவிசையைக் கொண்டே அந்தத் திறன் கணக்கிடப்படுகிறது. ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், சுழலும் ஜெட் என்ஜின் முழு வேகம் பிடிக்க அவ்வளவு நேரம் தேவைப்படலாம்.

துபாயில் இழந்தது இந்த நேரத்தைத்தான். காற்று திசைமாறி வீசியதால் விமானம் ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளியே தரையைத் தொட்டது. உடனே விமானி கோ-அரவுண்டுக்கான, அதாவது தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் ஏறுவதற்கான, பொத்தானை அழுத்தி மூக்கைத் தூக்கினார். தரையில் இருக்கையில் தவறுதலாக உந்துவிசை கூடிவிடாதிருக்க, சக்கரம் தொட்டதும் அந்தப் பொத்தான் செயலற்றுப்போகும்படி அமைக்கப்பட்டிருந்தது. த்ராட்டில் ஐடிலிலேயே நின்றது. மிச்சமிருந்த வேகத்தில் ஏறத்தாழ 85 அடி எழும்பிய விமானம், சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொண்டிருக்கையிலேயே தாழத் தொடங்கியது. த்ராட்டில் கையால் முன்தள்ளப்பட்டபோது மோதலுக்கு 3 விநாடிகளே இருந்தன. விமானத்தில் இருந்த 300 பேரும் உயிர்தப்பினர். தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார்.

இதை விமானிகளின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. உந்துவிசை கூடுகிறதா என்று அவர்கள் பார்த்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பொத்தானை அழுத்தினால் த்ராட்டில் தானாக முன்னேறும் என்பதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பக் கண்டு பழகிய கைகள் அவை. சக்கரம் தொட்டபின் அது நகராது என்பதை அதே அளவு பழக்கியிருக்க வேண்டியது பயிற்சி அளித்தவர்களின் கடமை.