படப்பெட்டி: பன்னிரண்டு படங்கள் போதும்
(படமெடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்)

வசந்த காலத்தில் அக்கா குடும்பத்தோடு ஒன்பது நாள் சுற்றுலா போய் வந்தேன். செர்ரி மரங்கள், டியூலிப் வயல், மலைப்பாதை என்று 640 படங்கள் எடுத்தேன். எல்லாவற்றையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அவ்வளவுதான். என் படங்கள் அவ்வளவு மோசமா அம்மா?

மோசமே இல்லை. நீங்கள் அனுப்பிய நான்கையும் பார்த்தேன். டியூலிப் வயல் ஓரத்தில் உங்கள் அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அந்தப் படத்தை எனக்கு மறக்கவே முடியவில்லை. ஆனால் குழுவில் இருப்பவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். 640 படத்தை, ஒன்றுக்கு மூன்று நொடி என்று பார்த்தாலும் 32 நிமிடம் ஆகும். வேலைக்கு நடுவே போனை எடுப்பவருக்கு அது முடியாத காரியம். முதல் பத்துப் படத்தோடு விரல் நின்றுபோகும்.

நான் பழகியது 36 படம் எடுக்கும் பிலிம் ரோலில். ஒரு பயணத்துக்கு ஒரு ரோல், மிஞ்சிப் போனால் இரண்டு. இன்று எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லாததால், எடுக்கும்போது செய்த தேர்வை இப்போது எடுத்த பிறகு செய்ய வேண்டியிருக்கிறது. என் கணக்கு பன்னிரண்டு. எவ்வளவு நீளமான பயணமானாலும் சரி, பன்னிரண்டு.

ஊர் திரும்பிய அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லாப் படமும் நல்ல படமாகத் தெரியும். ஒரு வாரம் போகட்டும். பிறகு போனைத் திறக்காமல், ஒரு தாளில் பயணத்தில் நினைவிருப்பதை எழுதுங்கள். மழை பிடித்துக்கொண்டது, அக்கா மகன் கோபித்துக்கொண்டு தனியாக நடந்தது, இப்படி. அப்புறம் அந்த நினைவுகளுக்குரிய படங்களைத் தேடி எடுங்கள். ஒரே மரத்தின் பதினேழு படங்கள் அப்போது தானாகவே விலகிவிடும். ஒன்று கொஞ்சம் ஆடியிருந்தாலும், அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தால் அது இருக்கட்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். படத்தில் தெரிவதையே எழுத வேண்டாம். “அழகான செர்ரி மரம்” என்று எழுதினால் யாருக்கும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. “இந்த மரத்தடியில்தான் அக்கா முழங்கால் வலியை மறந்து அரைமணி நேரம் நின்றாள்” என்று எழுதிப் பாருங்கள். உடனே இரண்டு பேர் அக்காவின் முழங்காலைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று படம் என்று நான்கு நாள் போடுங்கள். நடந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.

சிவப்புப் பூக்களை எடுத்தால் இதழ்களே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக வருகிறது. கண்ணுக்கு அப்படி இல்லையே?

எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் ஒளியை அளக்கிறது. அடர் சிவப்புப் பூவில் சிவப்பு அளவு மட்டும் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் இதழின் மேடும் பள்ளமும் கேமராவுக்கு வித்தியாசமாகப் படாது. போன் திரையில் பூவைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். கேமராவானால் எக்ஸ்போஷரை ஒரு படி கீழே வையுங்கள். படம் சற்று இருண்டதாகத் தோன்றும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அப்படி உச்சத்தைத் தொட்டு எரிந்துபோன சிவப்பை மட்டும் எப்படியும் மீட்க முடியாது.

உச்சி வெயிலைத் தவிர்த்து, மேகம் மூடிய நேரத்தில் எடுங்கள். வெயில்தான் என்றால் பூவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரட்டும், இதழின் நரம்பு தெரியும். ரொம்பக் கிட்டே போனால் போன் கேமராவால் ஃபோகஸ் செய்ய முடியாது. ஒரு சாண் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். டியூலிப்பும் குரோக்கஸும் வெப்பத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் பூக்கள். குளிர்ந்த காலையில் கூம்பிக்கிடப்பவை, சூடு ஏறியதும் விரியும். ஒரே செடியைக் காலையிலும் நண்பகலிலும் எடுத்து அருகருகே வைத்தால், அந்த இரண்டு படமே ஒரு கதை. நான் முதல் முறை அதைக் கவனித்தபோது தப்பான செடியை எடுத்துவிட்டேனோ என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

நான் எடுத்தது செர்ரிப் பூவா, பிளம் பூவா? நண்பர் அது பிளம் என்று வாதாடுகிறார்.

இதழின் நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நுனியில் சின்ன வெட்டு இருந்தால் செர்ரி, வழவழப்பாக உருண்டிருந்தால் பிளம். செர்ரிப் பூவுக்கு நீளமான காம்பு உண்டு, கொத்தாகத் தொங்கும். பிளம் பூ கிளையோடு ஒட்டினாற்போல் இருக்கும். உங்கள் படத்தில் வெட்டு தெளிவாக இருக்கிறது. நண்பரிடம் காட்டுங்கள்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் அலமாரியில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய படங்கள். பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் பிரித்துக் கொடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?

தொடங்க வேண்டியது ஸ்கேனரில் அல்ல. உங்கள் குடும்பத்தில் மூத்தவர் யார்? அவரிடம் போங்கள், இந்த வாரமே.

அப்பா போனபோது எனக்கும் இப்படி ஒரு பெட்டி கிடைத்தது. அதில் ஒரு படம். மரத்தடியில் மூன்று பெண்கள், நடுவில் இருப்பவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார். அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். மழை நிற்கட்டும், பேரனுக்குத் தேர்வு முடியட்டும் என்று நாலு மாதம் தள்ளினேன். அத்தை போய்விட்டார். அந்த மூன்று பேரும் இன்றும் என் மேசைக்கு எதிரே இருக்கிறார்கள், பெயர் இல்லாமல். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

படங்களை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். போனில் குரல் பதிவை ஓடவிடுங்கள். “இது யார்?” என்று மட்டும் கேட்டால் பெயர் மட்டும் வரும். “அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள். பெயர் தப்பாகச் சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள், அரைமணி கழித்து அவரே திருத்துவார். ஒரு உட்காரலில் இருபது படத்துக்கு மேல் வேண்டாம்.

படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். முழுக் கதையை எழுத வேண்டாம், ஒரு எண் போதும். கதை ஒரு நோட்டில், அதே எண்ணில்.

அப்புறம் ஸ்கேன். சின்னப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) செய்தால் 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாக வரும். மறுபடி அச்சிடவும் பெரிதாக்கிப் பார்க்கவும் அது தாராளம். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் படத்தை வைத்து, போனை அதற்கு இணையாகப் பிடித்து எடுங்கள். பளபளப்பான படமானால் பிரதிபலிப்பு வராதபடி ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒட்டும் தாள் உள்ள ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்கவே கூடாது. பக்கத்தோடு சேர்த்து அப்படியே படம் எடுத்துவிடுங்கள்.

பழைய வண்ணப் படங்கள் சிவந்து போயிருக்கலாம். அந்தக் காலத்து வண்ணப் படங்களில் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் மங்கிவிடும், மிச்சம் சிவப்பாகத் தெரியும். ஸ்கேன் செய்ததில் நிறத்தைச் சரிசெய்யலாம், அசலைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பழைய முகங்களைப் “பளிச்” ஆக்கித் தரும் செயலிகள் வந்திருக்கின்றன. மங்கலான படத்தில் கண்ணிமை இருக்காது, செயலி தானாக ஒன்றை வரைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது உங்கள் அம்மாவின் கண் இல்லை. ஆசைக்கு ஒரு பிரதியில் செய்து பார்த்தாலும் அண்ணனுக்கும் தங்கைக்கும் செயலி தொடாத மங்கலான படத்தையே கொடுங்கள்.

பிரித்துக் கொடுப்பது பற்றி. டிஜிட்டல் பிரதி மூவருக்கும் முழுதாக. அசல் படங்கள், யார் கையில் எடுத்ததும் கண் கலங்குகிறதோ அவருக்கு.

பேத்தி படத்தை எங்கும் போடாதீர்கள் என்கிறாள் மருமகள். பாட்டிக்கு அந்த உரிமைகூட இல்லையா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் உங்கள் மருமகள் பக்கம்தான் நிற்பேன். போன் எடுக்கும் படத்துக்குள், இருப்பிடம் பதியும் வசதி இயங்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நேரமும் ஒளிந்திருக்கும். சீருடையும் பள்ளி வாசலும் படத்திலேயே தெரியும். ஒருமுறை பொதுவில் போட்டதைத் திரும்ப வாங்க முடியாது. பேத்தி நாளைக்குப் பெரியவளாகி, “குளியல் படத்தை ஏன் போட்டீர்கள்” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்குமா?

மருமகளிடமே கேட்டு, அவள் சரி என்ற படங்களை அச்சிட்டு ஒரு ஆல்பம் போடுங்கள். பார்க்க வருபவர்களுக்கு நீங்கள் பக்கம் புரட்டிக் காட்டலாம். அந்த சந்தோஷத்தை எந்த லைக்கும் தராது. முகம் தெரியாத படங்களும் எடுக்கலாம். டாஃபடில் பூவைத் தொடும் அந்தச் சின்னக் கை ஒன்றே போதுமே.

தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அச்சிட்டால் மங்கலாக வருகிறது.

வழக்கமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும் (கூடவே இருப்பிடத் தகவலும் வரும், மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்). 6க்கு 4 அங்குல அச்சுக்கு 1800க்கு 1200 பிக்சல் இருந்தால் தெளிவாக இருக்கும்.

எனக்குப் படமெடுக்கத் தெரியாது. பழைய போன்தான். மாடித் தொட்டியில் முதல் முறை பூத்ததை எடுத்தேன். இதையெல்லாம் யாருக்காவது அனுப்பலாமா, தொந்தரவாக நினைப்பார்களோ?

இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்று ஒரு பெண்மணி இருந்தார். தாவரங்கள் மேல் ஆசை. 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த சயனோடைப் முறையைக் கற்றுக்கொண்டார். வேதிப்பொருள் தடவிய தாளின் மேல் கடற்பாசியை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலத் தாளில் வெள்ளையாக அதன் உருவம் நிற்கும். கேமராவே வேண்டாம். 1843இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் அப்படியே தாள் தாளாகச் செய்து, பகுதி பகுதியாகத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் அந்தப் பாசியின் பெயர் இருக்கும். 1852இல் அவருடைய அப்பா இறந்தபோது தோழி ஆன் டிக்சன் வந்து கூட இருந்தார். இருவரும் சேர்ந்து பெரணிச் செடிகளையும் (ஃபெர்ன்) பூக்களையும் அதே முறையில் பதித்தார்கள். பிறகு அந்தப் படங்களில் ஒரு தொகுப்பு தோழிக்கே பரிசாகப் போனது.

உங்கள் தொட்டிப் பூவை உங்கள் தோழிக்கு இன்றே அனுப்புங்கள். செடியின் பெயர், நட்ட மாதம், மொட்டு விட்ட நாள், எல்லாம் கீழே எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.